கூகுள் இல்லாத ஃபோனுக்கு மாறுவது எப்படி: அவசரப்படாதவர்களுக்கான வழிகாட்டி

“கூகுளே இல்லையா? அப்போ ஜிபே?”

என் ஃபோனைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மூலநிரல், கண்காணிப்பு, தனியுரிமை பற்றியெல்லாம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேள்வியில் தப்பும் இல்லை. டீக்கடை முதல் பூக்கடை வரை க்யூஆர் அட்டையைப் பார்த்துக் காசு கொடுத்துப் பழகிவிட்ட நமக்கு ஃபோன் என்பது பாதி மணிபர்ஸ். அந்த பர்ஸ் ஒருநாள் திறக்காமல் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று யோசிக்காமல் இறங்குகிறவர்கள்தான் மூன்றாம் நாளே பழைய ஃபோனுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அதனால் நிறுவும் முறையை நான் நடுவில்தான் சொல்லப்போகிறேன். நிறுவுவது ஒரு மணி நேர வேலை. எந்த வசதியை விடுவது, எதை விடத் தேவையே இல்லை என்று கணக்குப் போடுவதற்குத்தான் ஒரு மாதம் ஆகும். கருந்திரையில் கட்டளை தட்டிப் பழக்கமில்லாத, ஆனால் புது ஃபோன் வாங்கினால் தானே எல்லாம் அமைத்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டே திறந்த மூலம்தானே?

ஆமாம், அடித்தளம் மட்டும். ஆண்ட்ராய்டின் மூலநிரல் பெரும்பாலும் அப்பாச்சி உரிமத்தில் வெளியாகிறது. அதற்கும் கீழே, வன்பொருளோடு பேசும் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. இரண்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வெளியிடலாம். கடையில் வாங்கும் ஃபோனில் அதன் மேல் இன்னொரு அடுக்கு உட்கார்ந்திருக்கிறது: ப்ளே ஸ்டோர், மற்றச் செயலிகளுக்குப் பின்னணியில் உதவும் ப்ளே சர்வீசஸ், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் கூகுள் செயலிகள். இவை மூடிய மென்பொருள். நாம் கொடுக்காத அனுமதிகளோடே பிறந்தவை, நீக்கவும் முடியாதவை. வீட்டுப் பத்திரம் நம் பெயரில், வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுப்பது வேறு ஒருவர் என்பது போன்ற ஏற்பாடு.

அந்த வாட்ச்மேன் எவ்வளவு பேசுகிறார்? டப்ளின் ட்ரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-இல் அளந்து பார்த்தார். யாரும் தொடாமல் சும்மா கிடக்கும் ஃபோன்கூட சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைச் செய்த நிறுவனத்துக்குத் தகவல் அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு மட்டுமல்ல, ஐஃபோனும் அப்படித்தான். அதே ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில் சாம்சங், ஷாவ்மி, ரியல்மி, ஹுவாவே ஃபோன்களோடு லினியேஜ்ஓஎஸ், /இ/ஓஎஸ் என்ற இரண்டு மாற்று இயங்குதளங்களையும் சோதித்தார்கள். /இ/ஓஎஸ் கிட்டத்தட்ட எதையுமே அனுப்பவில்லை. லினியேஜ்ஓஎஸ் உருவாக்குநர்களுக்குப் பெரிதாக எதுவும் போகவில்லை. ஆனால் அதன் மேல் ஏற்றியிருந்த கூகுள் செயலித் தொகுப்பு வழக்கம்போல் கூகுளுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். இயங்குதளத்தை மாற்றிவிட்டுப் பழைய செயலிகளையெல்லாம் அப்படியே திரும்பக் கொண்டுவந்து இறக்கினால், பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றிய கதைதான்.

நான்கு பாதைகள்

முதலாவது, கையில் இருக்கும் ஃபோனிலேயே செயலிகளை மட்டும் மாற்றுவது. செலவில்லை, ஆபத்தில்லை, பாதி பலன் இதிலேயே கிடைக்கும். எல்லோரும் இங்கேதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது லினியேஜ்ஓஎஸ். சயனோஜென்மாட் என்று ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த திட்டம் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதன் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கியது. தயாரித்தவர்களே கைவிட்ட பல பழைய ஃபோன்களுக்கு இது மறுவாழ்வு. குறையும் உண்டு. பெரும்பாலான ஃபோன்களில், இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற சிறு நிரலைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருக்கும், அதாவது ஃபோன் இன்னொருவர் கையில் சிக்கினால் அவர் இயங்குதளத்தையே மாற்றி வைத்துவிட வழி இருக்கும். மோடம், கேமரா போன்ற வன்பொருளுக்கான மூடிய மென்பொருளைத் தயாரிப்பாளர் புதுப்பிப்பதை நிறுத்தியிருந்தால், அந்த ஓட்டையை லினியேஜாலும் அடைக்க முடியாது.

மூன்றாவது கிராஃபீன்ஓஎஸ். பாதுகாப்புதான் இதன் முதல் கவலை. நான் இதை எழுதும்போது இது ஓடுவது கூகுளின் பிக்சல் ஃபோன்களில் மட்டும். கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுள் ஃபோனையே வாங்க வேண்டும் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். காரணம் இதுதான்: வேறு இயங்குதளத்தை ஏற்றிய பிறகு, அது அசலானதுதானா என்று சரிபார்க்கும் அதன் சொந்தச் சாவியைப் பதித்து, பூட்லோடரை மறுபடி பூட்டிக்கொள்ள பிக்சல் ஒழுங்காக வழிவிடுகிறது. பெரும்பாலான மற்ற ஃபோன்கள் விடுவதில்லை.

நான்காவது, ஆண்ட்ராய்டே வேண்டாம் என்பவர்களுக்கு. பைன்64 நிறுவனத்தின் பைன்ஃபோன், ப்யூரிசம் நிறுவனத்தின் லிப்ரெம் 5 ஆகியவற்றில் ஓடுவது நேரடி லினக்ஸ். லிப்ரெம் 5-இன் பக்கவாட்டில் மூன்று சுவிட்சுகள் உண்டு. ஒன்று செல் மோடத்தை, ஒன்று வைஃபையையும் ப்ளூடூத்தையும், ஒன்று கேமராவையும் மைக்கையும் மின்சாரத்திலிருந்தே துண்டிக்கும். பைன்ஃபோனில் பின்மூடியைக் கழற்றினால் பட்டாணி அளவில் ஆறு சுவிட்சுகள். கேனானிக்கல் 2017-இல் கைவிட்ட உபுண்டு டச்சை யூபிபோர்ட்ஸ் என்ற குழு இன்றும் வளர்த்து வருகிறது. ஆல்பைன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸும் உண்டு.

சுதந்திரம் என்ற அளவுகோலில் இவைதான் உச்சம். அன்றாடம் என்ற அளவுகோலில் நிலைமை வேறு. பைன்ஃபோனின் பேட்டரி ஒருநாள் தாங்குவதே பெரிய காரியம். கேமராவைப் பற்றிப் பேசாமல் இருப்பது நாகரிகம். இந்தியாவில் இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. ஜியோ வலையமைப்பில் 2ஜி, 3ஜி கிடையாது, அழைப்பு பெரும்பாலும் 4ஜி இணைப்பிலேயே பேசும் வோல்ட்டி வழியாகத்தான். ஃபோனில் வோல்ட்டி சரியாக வேலை செய்யாவிட்டால் இணையம் வரும், அழைப்பு வராது. லினக்ஸ் ஃபோனை இரண்டாவது ஃபோனாக, ஆசைக்கு வாங்குங்கள். ஒரே ஃபோனாக வாங்காதீர்கள்.

புதிதாக வருபவருக்கு என் பரிந்துரை: ஒரு மாதம் முதல் பாதை, பிறகு பழைய பிக்சல் ஒன்றில் மூன்றாவது. வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கும் ஃபோன் லினியேஜ் பட்டியலில் இருந்தால், கை பழக அதில் செய்து பார்க்கலாம்.

முதல் மாதம்: ஃபோனைத் தொடாதீர்கள்

ஒரு தாள் எடுத்து, கடந்த ஒரு வாரத்தில் உண்மையிலேயே திறந்த செயலிகளை எழுதுங்கள். நிறுவியிருப்பவை அல்ல, திறந்தவை. எனக்கு 80-க்கும் மேல் நிறுவியிருந்தது, திறந்தது 19. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: மாற்று இருக்கிறது, உலாவியிலேயே முடியும், இரண்டும் இல்லை. மூன்றாவது குறி விழுந்தவைதான் உங்கள் உண்மையான விலை. பலருக்கு அது நான்கைந்தைத் தாண்டாது.

பிறகு எஃப்-டிராய்டு. 2010 முதல் இயங்கும், கட்டற்ற மென்பொருள்களுக்கு மட்டுமான செயலிக் களஞ்சியம் இது. பெரும்பாலான செயலிகளை மூலநிரலிலிருந்து அவர்களே கட்டித் தருகிறார்கள். ஒரு செயலியில் கண்காணிப்போ விளம்பரமோ இருந்தால் அதைப் பக்கத்திலேயே ‘விரும்பத்தகாத அம்சம்’ என்று குறித்தும் வைக்கிறார்கள். எஃப்-டிராய்டு ப்ளே ஸ்டோரில் கிடைக்காது. அதன் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். தேடும்போது மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கிவிடாதீர்கள்.

அங்கிருந்து ஒவ்வொன்றாக: மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், யூடியூப்புக்கு நியூபைப், கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்டிஎக்ஸ், இரண்டடுக்கு உறுதிக் குறியீடுகளுக்கு ஏஜிஸ், நாள்காட்டியையும் தொடர்புகளையும் வேறு சேவையகத்தோடு ஒத்திசைக்க டாவ்எக்ஸ்5. வாரத்துக்கு இரண்டுக்கு மேல் மாற்றாதீர்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் மாற்றினால் திங்கட்கிழமை எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

வரைபடத்தில்தான் முதல் இடறல். ஆஸ்மண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவைப் பயன்படுத்துகின்றன. தமிழ்நாட்டு வரைபடத்தை ஒருமுறை இறக்கிவிட்டால், சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் வழி காட்டும். நம் ஊர்களில் தெருக்கள் பரவாயில்லாமல் இருக்கும், கடைப் பெயரும் கதவு எண்ணும் பல இடங்களில் இருக்காது. நேரடிப் போக்குவரத்து நெரிசல் தெரியாது. அந்த நெரிசல் தகவலே லட்சக்கணக்கான ஃபோன்கள் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பதால் கிடைப்பதுதான். இலவசம் என்று நினைத்த வசதியின் விலைச்சீட்டு இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் வேறில்லை. தெரியாத முகவரிக்கு அவசரமாகப் போகும்போது நான் உலாவியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. விடுபட்ட கடையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்க்கலாம். எங்கள் தெரு மாவுமில் இப்போது அதில் இருக்கிறது.

தமிழ்த் தட்டச்சுக்கு இண்டிக் கீபோர்டு. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளத் தன்னார்வக் குழு உருவாக்கியது. தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் உண்டு. கிடைக்காதது குரல்வழித் தட்டச்சு. என் அம்மாவுக்கு இந்த ஃபோனை அமைத்துத் தராததற்கு ஒரே காரணம் அதுதான். அவர் எழுத்து எதையும் தட்டுவதில்லை, வாட்ஸ்அப்புக்குச் சொல்லுவார், அது எழுதும்.

வாட்ஸ்அப்பை விட முடியுமா? பள்ளிக் குழு, அடுக்குமாடிக் குழு, உறவினர் குழு என்று மூன்று கயிறுகள் கட்டியிருக்கும்வரை எனக்கு முடியவில்லை. வாட்ஸ்அப் தன் தளத்திலேயே நிறுவற்கோப்பைத் தருகிறது, கூகுள் சேவைகள் இல்லாத ஃபோனிலும் அது ஓடும். சிக்னல் என்ற செய்திச் செயலியும் அப்படியே. நெருங்கிய நான்கு பேரை மட்டும் சிக்னலுக்கு இழுங்கள். நாற்பது பேரை இழுக்க முயன்றால் அவர்கள் உங்களைத்தான் குழுவிலிருந்து இழுத்து வெளியே விடுவார்கள்.

ஃபோன் வாங்கும்போது

பழைய பிக்சல் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, ஆயுள். பிக்சல் 6, 7 வரிசைகளுக்கு வெளிவந்த நாளிலிருந்து 5 ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு. பிக்சல் 8 முதல் 7 ஆண்டு. விலை குறைவு என்று பிக்சல் 6 வாங்கினால் மீதி ஆயுள் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்.

இரண்டு, பூட்டு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் சில தொலைபேசி நிறுவனங்கள் தவணையில் விற்ற பிக்சல்களின் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. அவை இங்கே ‘இம்போர்ட்டட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வரும். காசு கொடுக்கும் முன் விற்பவர் எதிரிலேயே அமைப்புகளில் ஃபோனைப் பற்றிய பகுதிக்குப் போய், பில்ட் எண்ணை 7 முறை தட்டுங்கள். உருவாக்குநர் விருப்பங்கள் என்ற பட்டியல் திறக்கும். அதில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்ற சுவிட்ச் நகர்கிறதா என்று பாருங்கள். நரைத்து, நகராமல் இருந்தால் ஒருமுறை வைஃபையில் இணைத்துப் பாருங்கள், சில ஃபோன்கள் இணையத்தில் விசாரித்த பிறகே விடும். அப்போதும் நகராவிட்டால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ‘வீட்டுக்குப் போனதும் சரியாகிவிடும் சார்’ என்பதை நம்ப வேண்டாம்.

மூன்று, திருட்டு ஃபோனா என்று பார்ப்பது. கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு ஃபோனின் 15 இலக்க ஐஎம்இஐ எண். இதை 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் மத்திய அரசின் பதிவேட்டில் அந்த ஃபோன் தடைசெய்யப்பட்டிருக்கிறதா என்று பதில் வரும்.

வேறு பிராண்ட் என்றால் வாங்கும் முன்பே தேடிப் பாருங்கள். ஹுவாவே 2018-இலேயே திறப்புக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது. ஷாவ்மி விண்ணப்பித்துக் காத்திருக்கச் சொல்லும். டச்சு நிறுவனமான ஃபேர்ஃபோன் தாராளமாகத் திறக்கவிடும், பேட்டரியையும் நாமே மாற்றலாம்.

நிறுவும் நாள்

முந்தின இரவே காப்புப் பிரதி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஃபோனில் இருப்பது எல்லாம் இரண்டு முறை அழியப்போகிறது. படங்களைக் கணினிக்கு மாற்றுங்கள். தொடர்புகளை ஒற்றைக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். இரண்டடுக்கு உறுதிக் குறியீடுகள் கூகுள் ஆதென்டிகேட்டரில் இருந்தால் ஏஜிஸுக்கு மாற்றி, அதன் காப்புக் கோப்பை வேறோர் இடத்திலும் வையுங்கள். இதை மறந்தால் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் வாசலில் நிற்க வேண்டிவரும். வாட்ஸ்அப் உரையாடல்களை வேறு ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு க்யூஆர் ஸ்கேன் செய்து நகர்த்தும் வசதி அதிலேயே இருக்கிறது.

தேவை: 32 ஜிபி காலி இடமுள்ள ஒரு கணினி, க்ரோம், எட்ஜ், பிரேவ் போன்ற குரோமியம் வகை உலாவி, ஒரு நல்ல யூஎஸ்பி கேபிள். ஃபயர்ஃபாக்ஸ் உதவாது, உலாவி யூஎஸ்பியோடு நேரடியாகப் பேசும் வசதி அதில் இல்லை. மறைநிலைச் சாளரமும் வேண்டாம். கேபிளைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு கடத்தாத கேபிள்கள் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. நான் முதன்முதலில் நிறுவியபோது இரண்டு மணி நேரம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி கேபிள். யூஎஸ்பி ஹப் வழியாகவும் இணைக்காதீர்கள்.

1. உருவாக்குநர் விருப்பங்களில் ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்குங்கள்.

2. ஃபோனை மறுதொடக்கம் செய்து, அது எழும்போதே ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஒரு சிவப்பு எச்சரிக்கை முக்கோணமும் சிறிய எழுத்துகளும் கொண்ட கறுப்புத் திரை வரும். புதிய இயங்குதளத்தை ஏற்றுவதற்கான ஃபாஸ்ட்பூட் நிலை இதுதான். பயமுறுத்தும் திரை, ஆனால் ஃபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

3. கேபிளை இணைத்து, உலாவியில் கிராஃபீன்ஓஎஸ் தளத்தின் வலைவழி நிறுவல் பக்கத்தைத் திறங்கள். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் கணினியில் ஃபோன் தென்படாவிட்டால், சாதன அனுமதி விதிகள் அடங்கிய ஒரு சிறு தொகுப்பை முதலில் நிறுவ வேண்டும். அதன் பெயர் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

4. பூட்லோடரைத் திறக்கும் பொத்தானைச் சொடுக்குங்கள். ஃபோன் திரையில் கேள்வி வரும். ஒலிப் பொத்தானால் தேர்வை மாற்றி, பவர் பொத்தானால் உறுதி செய்யுங்கள். முதல் அழிப்பு இங்கே.

5. இயங்குதளத்தை இறக்கும் பொத்தான். இணைய வேகத்தைப் பொறுத்து ஒரு காபி அல்லது ஒரு சாப்பாடு.

6. ஏற்றும் பொத்தான். ஃபோன் தானாகவே சிலமுறை அணைந்து எழும். இந்த நேரத்தில் எதையும் தொடாதீர்கள், கேபிளை நேர் செய்யவும் வேண்டாம்.

7. பூட்லோடரை மறுபடி பூட்டும் பொத்தான். இரண்டாவது அழிப்பு. “ஓடுகிறதே, போதும்” என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். கதவை மாற்றிவிட்டுத் தாழ்ப்பாள் போடாமல் தூங்கப் போவதும் இதுவும் ஒன்று.

8. தொடங்குங்கள். ‘வேறொரு இயங்குதளம் ஏற்றப்படுகிறது’ என்ற மஞ்சள் எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வரும், அது இயல்பு. அதன் கீழே தெரியும் எண்-எழுத்து வரிசையைத் தளத்தில் உங்கள் மாடலுக்குக் கொடுத்திருப்பதோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். முதல் அமைப்பு முடியும்போது ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைத்துவிடச் சொல்லும். அணைத்துவிடுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் வழி உண்டு. அதே பக்கத்தில் பதித்த சாவியை நீக்கும் பொத்தான் இருக்கிறது. நீக்கிய பிறகு கூகுளின் சொந்த வலைவழிக் கருவியால் பழைய ஆண்ட்ராய்டை ஏற்றலாம். இது தெரிந்திருப்பதே பாதி தைரியம்.

வெறும் வீடு

முதல் முறை திறந்தால் திரையில் பத்துப் பன்னிரண்டு செயலிகள்தான் இருக்கும். காலி செய்த வீட்டுக்குள் நுழைந்தது போல ஓர் எதிரொலி. அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்.

இங்கே இரண்டு பழக்கங்கள் புதியவை. முதலாவது, ஒவ்வொரு செயலிக்கும் ‘நெட்வொர்க்’ என்ற தனி அனுமதி. கால்குலேட்டருக்கு இணையம் எதற்கு? மறுத்துவிடலாம். தமிழ்க் கணிப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையையே நிறுவி, நெட்வொர்க்கை மட்டும் மறுத்து வைத்திருப்பவர்கள் உண்டு. பிக்சல் கேமரா செயலியை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். படம் பழையபடி அழகாக வருகிறது, எங்கேயும் போவதில்லை. இரண்டாவது, தொடர்பு வரம்பும் சேமிப்பு வரம்பும். வாட்ஸ்அப் எல்லாத் தொடர்புகளையும் கேட்கும். கொடுத்ததாக நினைக்க வைத்து, நாம் தேர்ந்த பத்துப் பேரை மட்டும் காட்டலாம்.

கூகுள் சேவைகள் இல்லாமல் ஓடவே ஓடாத செயலிகளுக்கு, ப்ளே சர்வீசஸையே ஒரு சாதாரணச் செயலி போல நிறுவலாம். சிறப்பு அதிகாரம் எதுவும் இல்லாமல், மற்றச் செயலிகளைப் போலவே வேலிக்குள் கிடக்கும். இதை இன்னொரு பயனர் கணக்கில் தனியாக நிறுவி, மூன்றாவது குறி விழுந்த அந்த நான்கைந்து செயலிகளை மட்டும் அங்கே வையுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கணக்கை மூடினால் அதிலிருக்கும் எதுவும் பின்னணியில் ஓடாது. மைக்ரோஜி என்பது வேறு வகை. ப்ளே சர்வீசஸ் செய்யும் வேலைகளில் முக்கியமானவற்றைத் திறந்த மூலத்தில் திரும்ப எழுதிய மாற்று. /இ/ஓஎஸ் அதைத்தான் பயன்படுத்துகிறது.

அறிவிப்புகள் தாமதமாகும் என்பதையும் எதிர்பாருங்கள். பெரும்பாலான செயலிகள் ‘உனக்குச் செய்தி வந்திருக்கிறது’ என்று சொல்லவே கூகுள் வழியாகத்தான் ஆளனுப்புகின்றன. ஆள் இல்லையென்றால் திறந்து பார்த்தால்தான் தெரியும். உணவு கொண்டுவருபவர் வாசலில் நின்று அழைத்த பிறகு எனக்கு ‘உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது’ என்று வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பும் சிக்னலும் சொந்தமாகத் தொடர்பு வைத்துக்கொள்ளும், கொஞ்சம் பேட்டரி கூடுதலாகத் தின்னும்.

இனி அந்த ஜிபே கேள்வி

வங்கிச் செயலிகள் பலவும் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற கூகுள் சேவையிடம் ‘இந்த ஃபோன் நம்பத்தக்கதா?’ என்று கேட்கின்றன. கூகுள் சான்று பெற்ற இயங்குதளம் இல்லையென்றால் கடுமையான அளவுகோலில் ‘இல்லை’ என்றே பதில் வரும். உங்கள் ஃபோன் பூட்டப்பட்டு, நேற்றைய புதுப்பிப்போடு இருந்தாலும் சரி. ஐந்து ஆண்டாகப் புதுப்பிப்பே காணாத, ஆனால் சான்றுள்ள பழைய ஃபோன் தேறிவிடும் சாத்தியம் அதிகம். எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் கோபம் பெட்ரோல் போடாது.

சொல்லப்போனால் அது பெட்ரோல் பங்க்கில்தான் நடந்தது. பல மாதம் ஒழுங்காக ஓடிய என் வங்கிச் செயலி ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு ‘இந்தச் சாதனத்தில் இயங்காது’ என்று சொல்லிவிட்டது. 300 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாயிற்று, பர்ஸில் 40 ரூபாய். பின்னால் நின்றவரிடம் கெஞ்சி, அவர் ஸ்கேன் செய்து கொடுத்தார்.

அதன் பிறகு நான் அமைத்துக்கொண்ட ஏற்பாடு: பழைய ஃபோனைத் தூக்கிப்போடாமல் ‘வங்கி ஃபோன்’ ஆக்கினேன். அதில் யூபிஐயும் வங்கிச் செயலியும் தவிர வேறெதுவும் இல்லை. யூபிஐ செயலி, வங்கியில் பதிந்திருக்கும் எண்ணின் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பித்தான் ஃபோனோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளும். ஆகவே வங்கிக்கென்று தனி எண் ஒன்றைப் பதிந்து, அந்த சிம்மை அந்த ஃபோனில் போட்டுவிட்டேன். விளம்பர அழைப்புகளுக்குத் தெரியாத எண்ணாக அது இருப்பது கூடுதல் லாபம். ஒரு பெரிய தொகை அனுப்ப வேண்டிய நாளில் ஃபோனையோ சிம்மையோ மாற்றாதீர்கள். மாற்றியதும் சில காலம் அனுப்பும் தொகைக்கு வரம்பு இருக்கும்.

இரண்டு ஃபோன் சுமை என்பவர்கள், தங்கள் வங்கிச் செயலி புதிய ஃபோனில் ஓடுகிறதா என்று முதல் வாரத்திலேயே, பழையதை அழிக்கும் முன்பே சோதியுங்கள். ஓடுபவை நிறையவே உண்டு. ஓடினாலும் அது நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். வங்கியின் இணையதளம், டெபிட் கார்டு, பர்ஸில் இரண்டு 500 ரூபாய்த் தாள் என்று மாற்று ஏற்பாடு எப்போதும் இருக்கட்டும். இணையமே இல்லாமல் *99# என்று அழைத்துப் பணம் அனுப்பும் வழியும் உண்டு, ஆனால் எல்லா சிம்மிலும் அது வேலை செய்யாது.

மாறாதவை

எந்த இயங்குதளம் போட்டாலும் செல் கோபுரத்துக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியும். சிம் உங்கள் ஆதாரோடு வாங்கியது. மோடத்துக்குள் ஓடும் மென்பொருள் மூடியதே. உங்கள் எண்ணை நண்பர் தன் ஃபோனில் சேமித்து, தொடர்புகளை எல்லாச் செயலிக்கும் திறந்துவிட்டிருந்தால் அதற்கு உங்கள் ஃபோன் பொறுப்பில்லை.

பாதையும் அப்படியே இருக்காது. கூகுள் சான்று பெற்ற ஃபோன்களில், அடையாளத்தைப் பதிவு செய்த உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே நிறுவ விடுவோம் என்று 2025 ஆகஸ்டில் அந்நிறுவனம் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, மற்ற நாடுகளுக்கு அடுத்த ஆண்டு முதல் என்பது திட்டம். எஃப்-டிராய்டு கடுமையாக எதிர்த்தது. விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு மாற்றுவழி விடுவதாகக் கூகுள் பிறகு சொன்னது. சான்று இல்லாத இயங்குதளங்களை இது கட்டுப்படுத்தாது, முதல் பாதையில் மட்டும் நிற்பவர்களைத் தொடும்.

நிறுவும்போது எங்காவது சிக்கினால் தனியாக உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இதையெல்லாம் பலமுறை செய்து, பலமுறை கெடுத்துப் பார்த்தவர்கள் அங்கே கிடைப்பார்கள், தமிழிலேயே கேட்கலாம். போகும்போது அந்த நல்ல கேபிளை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே எல்லோரிடமும் கணினி இருக்கும், கேபிள்தான் இருக்காது.